அத்தான் கையில் ஒரு கயிறு

மில்லர்புரம், தூத்துக்குடி
29.6.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

சீனித்தாய் எழுதுவது. உறையின் பின்பக்கம் வேறு முகவரி இருப்பதைப் பார்த்துக் குழம்பாதே. அது ஜெப்ஸி வீட்டு முகவரி. அவள் என்னோடு பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், வீடு திரேஸ்புரத்தில். அவர்கள் மீன்பிடி வள்ளத்துக்கு நம் கடையில்தான் கயிறு வாங்குவார்கள். நீ பதில் எழுதினால் அங்கேதான் எழுத வேண்டும்.

போன டிசம்பரில் உன் கல்யாணச் செய்தி வந்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு, “அவகூட போன்ல பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்றார். பண்ணினேன். ஆறு மாதம் காப்பாற்றியும் விட்டேன். போன வாரம்தான் எனக்குத் தோன்றியது: அப்பா பேசக் கூடாது என்றார், எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. இது நேர்மையான வாதம்தானா என்று ஜெப்ஸியிடம் கேட்டேன். “நீ வக்கீலுக்குப் படிளா” என்றாள்.

அன்றைக்கு அப்பா சொன்ன இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்கும், அம்மா போனில் அழும்போது சொல்லியிருப்பாள். “ஊசி எறியிறது ஒரு வேலையா? எத்தன நாளைக்கு எறிவான்? அந்த வேல போற அன்னைக்கு இவளே பெட்டியத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பா.” அதன் பிறகு அவர் உன் பேரை எடுக்கவே இல்லை. ஆனால் உன் சைக்கிளை இன்னும் கடைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைத்திருக்கிறார். ஏரல் சித்தி, “மாப்பிள்ளைக்கு அங்க என்ன வேல?” என்று கேட்டால் அம்மா, “துறைமுகத்துல” என்று சொல்லிவிடுகிறாள்.

பலகையில் குட்டி ஈட்டி எறியும் அந்த டார்ட்ஸ் விளையாட்டைப் பற்றி நூலகத்தில் தேடினேன். தமிழில் ஒரு புத்தகமும் இல்லை. ஒரு ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. பலகையில் எண்கள் வரிசையாக இல்லாதது எனக்கு மிகவும் பிடித்தது. இருபதுக்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஐந்து. மயிரிழை தவறினாலும் தண்டனை. இதை வரைந்தவர் கணக்கு வாத்தியாராகத்தான் இருப்பார்.

ஐந்நூற்றொன்றிலிருந்து கழித்துக்கொண்டே வந்து பூச்சியத்தில் நிற்க வேண்டுமாம். அத்தானுக்கு அவ்வளவு பேர் பார்க்கும்போது பயம் வராதா? அவர் பேர் தைமன் என்றதும் ஜெப்ஸி, “தை மாசம் பொறந்தாவளோ?” என்று கேட்கிறாள். அவரைப் பற்றி எழுது. அவர் எப்படி இதற்கு வந்தார் என்று முதலிலிருந்து எழுது.

நீ எப்போது வருவாய்?

உன் தங்கை,
சீனித்தாய்


ஸ்கீடாம், நெதர்லாந்து
14.7.2025

ஏளா சீனி,

தபால்காரர் உன் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போன பிறகு அரை மணி நேரம் நான் அதைப் பிரிக்கவில்லை. வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். இனிமேல் உறைமேலேயே ‘எல்லாரும் நலம்’ என்று எழுது.

வக்கீல் வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவிடம் மாட்டினால் அது செல்லாது என்பதையும் தெரிந்துகொள்.

முதலிலிருந்து கேட்டாய். தைமனின் அப்பா ஆற்றுப் படகில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் மதுக்கடையில் பலகை முன்னால் நிற்பார். பையனுக்கு ஒன்பது வயதில் நாற்காலி போட்டு ஏற்றிவிட்டு எறியச் சொன்னாராம். பள்ளிக்கூடம் முடித்ததும் இவர் டைல்ஸ் பதிக்கிற வேலைக்குப் போனார். பத்து வருஷம் திங்கள் முதல் வெள்ளிவரை அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் முட்டி போட்டார். சனி ஞாயிறு ஊர் ஊராகப் போட்டி. போன வருஷம் ஜனவரியில் நூற்றுக்கணக்கான பேர் மோதுகிற தகுதிப் போட்டியில் ஜெயித்து டூர் கார்டு வாங்கினார். அது இருந்தால்தான் தொழில்முறை ஆட்டக்காரர். அது இரண்டு வருஷத்துக்குத்தான்.

முதல் வருஷம் பறந்தார். ஒரு பெரிய போட்டியில் கடைசி எட்டுப் பேருக்குள் வந்தார், டிவியில் காட்டினார்கள். மறுநாள் ரொட்டிக்கடைக்காரர் வெளியே வந்து கைகொடுத்தார். உலகத் தரவரிசையில் நாற்பத்தொன்பது. அந்தச் சமயத்தில்தான் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம்.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் கையைத் தூக்கினார், ஈட்டி விரலை விட்டுப் போகவில்லை. வலி இல்லை, சுளுக்கு இல்லை. கை முன்னால் போகிறது, விரல் திறக்க மாட்டேன் என்கிறது. மறுபடி பின்னால் இழுக்கிறார், மறுபடி முன்னால். சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் ஒவ்வொரு எறிக்கும் இப்படி. இந்த ஆட்டக்காரர்கள் இதன் பேரைக்கூட வாயால் சொல்ல மாட்டார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

இப்போது அறுபத்தொன்றில் இருக்கிறார். வருஷக் கடைசியில் முதல் அறுபத்து நான்கு பேருக்குள் இருந்தால் கார்டு தங்கும். இல்லாவிட்டால் போச்சு, ஜனவரியில் மறுபடி அந்தக் கூட்டத்தோடு தகுதிப் போட்டி.

எனக்கு என்ன பயம் என்று உனக்குத் தெரியும். டைல்ஸ் வேலைக்குத் திரும்பிப் போவதற்கு அவர் பயப்படவில்லை. கார்டு போய்விட்டால் அப்பா சொன்னது சொன்னபடி நடந்துவிடும். அந்த வாசலில் அப்படி வந்து நிற்பவளாக நான் இருக்க மாட்டேன். கார்டு தங்கினால் வருகிற சித்திரையில் இரண்டு பேரும் வருவோம். அப்பாவிடம் அந்தக் கார்டைக் காட்ட வேண்டும் என்று இவருக்கு ஒரு ஆசை வேறு.

கூடத்தில் பலகை மாட்டியிருக்கிறது. நடுப்புள்ளி தரையிலிருந்து ஒன்று புள்ளி ஏழு மூன்று மீட்டர், எறிகிற கோடு பலகையிலிருந்து இரண்டு புள்ளி மூன்று ஏழு மீட்டர். உனக்குக் கணக்கு பிடிக்கும் என்று எழுதுகிறேன். நான் அடுப்படியில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். டக், டக், டக். மூன்றாவது சத்தம் வராவிட்டால் கை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இதை யாரிடமும் சொல்லாதே. ஜெப்ஸியிடமும்.

ரம்யா


மில்லர்புரம்
7.8.2025
(எல்லாரும் நலம்)

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஜெப்ஸியிடம் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி செய்து பார்ப்பதற்கு அவள் உதவி தேவைப்பட்டது. நாம் சின்ன வயதில் செய்வோமே, நான்கு தீக்குச்சிகளுக்கு நடுவில் ஊசியை வைத்து நூலால் இறுக்கிச் சுற்றி, பின்னால் காகித இறக்கை சொருகுவது. அப்படி மூன்று செய்தோம். அவள் அம்மா எமில்டா ஆன்ட்டி மீன் கொண்டுபோகும் தெர்மாகோல் பெட்டி மூடியில் வட்டம் வரைந்து, இரண்டு புள்ளி மூன்று ஏழு மீட்டர் அளந்து எறிந்தோம். முப்பது தடவையில் எனக்கு இருபது ஒரே ஒரு முறை விழுந்தது. ஜெப்ஸியின் ஊசி மூடியைத் தாண்டிப் போய் ஆன்ட்டியின் அரிசிச் சாக்கில் நின்றது. “ஏளா, சோத்துல ஊசி கெடந்தா ஒங்க ரெண்டு பேருக்கும் அதையே பரிமாறுவேன்” என்றார். விரலைத் திறப்பது என்று ஒரு காரியம் இருப்பதை நான் அன்றுதான் கவனித்தேன். நினைக்காதபோது தானாகத் திறக்கிறது. நினைத்தால் எப்போது திறப்பது என்று தெரியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஏரல் பக்கம் நம் பேச்சியம்மன் கோயிலில் ஆடிக் கொடை. எல்லாரும் போனோம். வில்லுப்பாட்டு முடிந்ததும் நினைப்புக் கயிறு கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கினேன், அத்தானுக்காக. இந்த உறைக்குள் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

உனக்கு மறந்திருக்கலாம் என்பதால் விதிகளை எழுதுகிறேன். வேண்டுகிறவர் கயிற்றை வளையமாக்கி, மனதுக்குள் சொல்லி மூன்று சுருக்கு முடிச்சுப் போட வேண்டும். போட்டுவிட்டேன். யாருக்காக வேண்டுகிறோமோ அவர் அதை வலது கையில் மாட்டி, இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். வேண்டியது நடக்கும்வரை கழற்றக் கூடாது. நடந்த பிறகு கோயிலுக்கு வந்து, முடிச்சுப் போட்டவரே அவிழ்க்க வேண்டும். இடையில் அறுத்தால் கட்டியிருப்பவருக்குக் கெடுதல் இல்லை, முடிச்சுப் போட்டு வேண்டினவருக்குத்தான் ஆகாது. என்ன வேண்டினோம் என்பதை வெளியே சொல்லவும் கூடாது.

இதையெல்லாம் அத்தானுக்கு அவர் மொழியில் தெளிவாகச் சொல். ஒன்றையும் விட்டுவிடாதே.

சீனித்தாய்


ஸ்கீடாம்
4.9.2025

சீனி,

கயிறு வந்தது. நீ எழுதின விதிகளை வரி வரியாகச் சொன்னேன். பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரிக் கேட்டார். “உங்கள் வீட்டில் ஒருத்தி எனக்காக வேண்டியிருக்கிறாளா?” என்று இரண்டு தடவை கேட்டார். அன்றைக்கே வலது கையில் கட்டச் சொன்னார். சாவு வீட்டிலும் அழாத ஆள். கண் கலங்கிற்று.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கயிறு கட்டின பிறகு ஆடின நான்கு ஆட்டத்திலும் தோற்றுவிட்டார். முன்பெல்லாம் சில நாள் வந்து சில நாள் போகும். இப்போது எல்லா நாளும் நிற்கிறது. முடிச்சின் வால் மணிக்கட்டில் உரசுகிறது. எறியப் போகும்போது கண் அங்கே போகிறது. கண் போனதும் கை நிற்கிறது. “அந்தப் பொண்ணு அங்கே காத்துக்கிட்டிருக்கா” என்கிறார். நீ காத்திருப்பது அவர் விரலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கழற்றி வையுங்கள், ஆட்டம் முடிந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்றேன். “அவளுக்கு ஆகாதுன்னு நீதானே மொழிபெயர்த்தே?” என்று திருப்பிக் கேட்கிறார். நான்தான் ஒரு விதியையும் விடாமல் சொன்னேனே.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஆனால் நேற்று கத்தரிக்கோலை எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அறுபத்து நான்கு. விளிம்பில் நிற்கிறோம்.

ரம்யா


மில்லர்புரம்
18.9.2025
(எல்லாரும் நலம்)

அன்புள்ள அக்காவுக்கு,

காலாண்டுத் தேர்வு நடப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். இன்று வேதியியல். சுமாராக எழுதினேன்.

மழை இன்னும் வரவில்லை. கடற்கரைச் சாலையில் உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூட ஆரம்பித்துவிட்டார்கள். சங்கு குளிக்கப் போகிறவர்கள் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டதாக எமில்டா ஆன்ட்டி சொன்னார்.

கயிற்றை இடது கைக்கு மாற்றிக் கட்ட முடியுமா? மாற்றக் கூடாது என்று விதி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. முடிச்சை அவிழ்க்காமல் கையிலிருந்து உருவ வேண்டும், அவ்வளவுதான். சோப்பு போட்டால் வரும்.

ஜெப்ஸியின் போனில் தினமும் தரவரிசையைப் பார்க்கிறேன். பேசக் கூடாது என்றுதானே சத்தியம். நேற்று அறுபத்தைந்து என்று இருந்தது. ஜெப்ஸி, “ஏம்ளா ஒரே பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாக்க?” என்று கேட்டாள். தேர்வுப் பயம் என்று சொன்னேன்.

அத்தானிடம் நான் அவருக்காக மிகவும் வேண்டிக்கொள்கிறேன் என்று சொல். இல்லை, அதைச் சொல்லாதே. நான் ஒன்றும் காத்துக்கொண்டிருக்கவில்லை என்று சொல். நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வு முடிந்ததும் எழுதுகிறேன்.

சீனித்தாய்


ஸ்கீடாம்
1.10.2025

சீனி,

தேர்வு முடிந்ததும் என்ன எழுதப் போகிறாய்? உன்னை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். குளுக்கோஸ் டப்பாவைக் காலி செய்த அன்றும் நீ இப்படித்தான், மழை வரவில்லை, காக்கா வந்தது என்று பேசிக்கொண்டே நின்றாய்.

கயிறு உருவ வரவில்லை. நீ போட்ட முடிச்சு அவ்வளவு இறுக்கம். சோப்பும் போட்டுப் பார்த்தாயிற்று, தோல்தான் உரிந்தது.

அறுபத்தேழு. இந்த மாதக் கடைசி வாரம் இங்கிலாந்தில் அடுத்தடுத்து நான்கு போட்டி. அதோடு அவருக்கு இந்த வருஷம் முடிந்தது. நேற்று பயிற்சியில் கையை ஓங்கியபடியே நின்றார். நான் அடுப்படியில் எண்ணினேன். பத்தொன்பது வரை எண்ணினேன். பிறகு ஈட்டியை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த மூன்று முடிச்சில் என்ன வேண்டினாய்? வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு விதி சொல்லாதே. உடனே எழுது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு.

ரம்யா


மில்லர்புரம்
13.10.2025

அக்கா,

உறைமேல் எல்லாரும் நலம் என்று இந்த முறை எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

அத்தான் ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டவில்லை.

கோயிலுக்குப் போகும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். கயிற்றைக் கையில் வாங்கியபோது எதிரே சித்தி பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே தட்டில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் அப்படிச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. முதல் முடிச்சுப் போடும்போது, அக்கா வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவதிலும் அதையே சொன்னேன். மூன்றாவதில் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. அந்த வேலை போகிற அன்றைக்கு வருவாள் என்று. ஞாபகம் வந்த பிறகும் நான் நிறுத்தவில்லை, அக்கா. முடிச்சை இறுக்கினேன். அதனால்தான் அது உருவ வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பயமாக இருந்தது. ஆனால் அத்தான் கையில் எது இருந்தாலும் தைரியம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பிவிட்டேன். கூடவே அத்தனை விதிகளையும் எழுதி அவர் கையைக் கட்டிப் போட்டேன்.

நேற்று பள்ளியில் சிறப்பு வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டு ஏரல் பஸ் ஏறினேன். பூசாரி சுடலைராஜ் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேண்டுதலை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முதலில் சிரித்தார். “ஒரு மனுவக் குடுத்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு, அது வேண்டாம், இந்த மனுவ வச்சுக்கோங்கன்னா? இது என்ன தாலுகா ஆபீசாளா?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். “போட்ட நீ அவுக்கணும். கயிறு அங்கன கெடக்கு, நீ இங்கன நிக்க. அறுத்தா ஒனக்கு ஆகாது. அறுக்காட்டி அவருக்கு ஆகாது. நான் என்னத்தச் சொல்ல?” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வரும்போது முடிவு செய்தேன். கயிற்றை அறுத்துவிடுங்கள். அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடு. எனக்கு ஆகாமல் போனால் போகட்டும். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தேர்வில் தோற்கலாம், காய்ச்சல் வரலாம். அத்தானுக்குக் கை வருவதென்றால் பரவாயில்லை. நான் நிஜமாகத்தான் சொல்கிறேன், தியாகம் செய்வது போல நடிக்கவில்லை.

ஜெப்ஸி போனில் உன் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். சத்தியம் ஒரு காரணம். இதை வாயால் சொல்ல முடியாது என்பதுதான் பெரிய காரணம்.

நீ இனிமேல் எனக்கு எழுதாவிட்டாலும் அத்தான் என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரி போடு.

சீனித்தாய்


ஸ்கீடாம்
2.11.2025

சீனி,

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. இரண்டு நாள் அவரிடம் சொல்லவில்லை. முதல் நாள் உன்மேல் வந்த கோபத்தில், இரண்டாம் நாள் பயத்தில். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சமைத்திருக்கிறேன்.

இங்கிலாந்துக்குப் பெட்டி அடுக்கும்போது உட்காரவைத்துப் படித்துச் சொன்னேன். முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு, மூன்றாவது. மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: “அப்போ அங்கே நான் ஜெயிக்கணும்னு யாருமே காத்திருக்கலையா?”

இல்லை என்றேன்.

“ஒருத்தர்கூட?”

ஒருத்தர்கூட இல்லை என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தார், சீனி. சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கு முதலில் கலக்கமாக இருந்தது. அப்புறம் எழுந்து போய் மூன்று ஈட்டியை எடுத்தார். டக், டக், டக். மறுபடி டக், டக், டக்.

கயிற்றை அறுக்க மாட்டேன் என்றுவிட்டார். “அக்கா வீட்டுக்கு வரணும்னு ஒரு சின்னப் பொண்ணு வேண்டினா அதில என்ன தப்பு? என் கை பிப்ரவரியிலயே நின்னாச்சு, அவ ஆகஸ்ட்டுலதானே முடிச்சுப் போட்டா?” என்கிறார். உன் கணக்குக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

நான்கு போட்டியிலும் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. இரண்டாவது போட்டியில் கடைசி எட்டு வரை போனார். அறுபத்தேழிலிருந்து அறுபத்தைந்துக்கு ஏறிவிட்டார். கடைசி நாள் இரண்டாவது ஆட்டம் ஜெயித்தால் அறுபத்து நான்கு. முதலில் ஆறு சுற்று எடுப்பவருக்கு ஆட்டம், ஐந்துக்கு ஐந்து வந்து நின்றது. இவருக்கு முப்பத்திரண்டு பாக்கி, பதினாறின் இரட்டை மதிப்பு வளையத்தில் விழுந்தால் ஒரே எறியில் முடிக்கலாம். போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன், சத்தத்தை மட்டும் கேட்டேன். மூன்று சத்தமும் கேட்டது. மூன்றாவது கம்பியில் பட்டுத் தெறித்தது. அடுத்து வந்த பையன் முடித்துவிட்டான். பத்தொன்பது வயது, நன்றாக எறிந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அறுபத்தைந்து. ஒரு இடம்.

இவர் நிம்மதியாகத்தான் இருக்கிறார். “கை வந்திருச்சு, ஜனவரியில பாத்துக்கலாம்” என்று தினமும் ஆறு மணி நேரம் எறிகிறார். எனக்குத்தான் தூக்கம் இல்லை. வருகிற ஜனவரி முதல் வாரத்தோடு கார்டு காலாவதி. அதன் பிறகு தகுதிப் போட்டியில் கிடைத்தால் வருவோம். கிடைக்காவிட்டால் வர மாட்டேன். வேலை போன அன்றைக்கு வந்து நின்றாள் என்று அப்பா சொல்ல நான் இடம் கொடுக்க மாட்டேன். உன் வேண்டுதலுக்காகவும் வர மாட்டேன்.

ஜனவரிவரை எனக்கு எழுதாதே. உன் கடிதத்தைப் பார்த்தால் எனக்கு ஊர் ஞாபகம் வருகிறது.

ரம்யா


மில்லர்புரம்
15.11.2025
(எல்லாரும் நலம். நிஜமாகவே)

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்று நீ சொன்னது தெரியும். எழுதச் சொன்னது அப்பா.

நேற்று எமில்டா ஆன்ட்டி கயிறு வாங்கக் கடைக்கு வந்தவர், “அண்ணாச்சி, ஒங்க பிள்ளைக்கு வந்த கடுதாசி எங்க வீட்டுல கெடக்கு. ஜெப்ஸிக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போவல. அதான் நான் கொண்டாந்தேன்” என்று அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நாங்கள் ஆன்ட்டியிடம் ரகசியம் என்று சொல்லவே இல்லை.

அப்பா சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். உறை பிரிக்காமல் இருந்தது. என்முன்னால் வைத்து, “படி” என்றார். நான் கண்ணால் படிக்க ஆரம்பித்தேன். “எனக்குக் கேக்குத மாதிரி” என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

எல்லாவற்றையும் படித்தேன், அக்கா. எதையும் விடவில்லை. வேலை போன அன்றைக்கு வந்து நின்றாள் என்று அப்பா சொல்ல இடம் கொடுக்க மாட்டேன் என்று நீ எழுதிய இடத்தையும் படித்தேன். என் முடிச்சைப் பற்றி அவருக்குப் புரியவில்லை, அதனால் முதலிலிருந்து அதையும் சொல்ல வேண்டியிருந்தது. அடி விழும் என்று நினைத்தேன். அவர் மேசைமேல் இருந்த உன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, “அந்தக் கார்டு என்னைக்கு முடியுது?” என்று கேட்டார்.

ஜனவரி முதல் வாரம் என்றேன்.

“அப்ப இன்னைக்கு அவரு கையில இருக்கு?”

இருக்கிறது என்றேன்.

“டிசம்பர்லயும் இருக்கும்?”

இருக்கும் என்றேன்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப டிசம்பர்ல வரச் சொல்லு. வேல போயி வந்ததா ஆவாது. வேலையில இருக்க மனுசன் லீவு போட்டுட்டு மாமனார் வீட்டுக்கு வந்த மாதிரிதான் ஆவும். ஜனவரிக்குப் பெறவு வந்தா நான் சொன்னது பலிச்சதுன்னு ஊரு சொல்லும். அது எனக்கு வேண்டாம்” என்றார்.

அம்மா, “அதுக்குத்தான் ஒரு வருசம் ஆச்சா?” என்று கேட்டாள். அப்பா என் பக்கம் திரும்பி, “எழுது” என்றார்.

ஜனவரியில் தகுதிப் போட்டி இருப்பதால் அத்தான் ஒரு நாளும் பயிற்சியை விட முடியாது, அதனால் வர மாட்டார்கள் என்று நான் சொன்னேன். உன் முதல் கடிதத்தில் இருந்த அளவுகளையும் சொன்னேன். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கடைக் கிட்டங்கிக்குப் போனார். உன் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டு அந்தச் சுவரைக் காலி செய்தார். கடை அளவுகோலால் ஒன்று எழுபத்து மூன்றை அளந்து ஆணி அடித்தார். நான் அளந்து பார்த்தபோது அரை விரல்கடை இறங்கியிருந்தது. பிடுங்கி மறுபடி அடித்தார். பிறகு நைலான் கயிற்றில் இரண்டு முப்பத்தேழு வெட்டி, சுவரிலிருந்து இழுத்துப் பிடித்து, தரையில் தாரால் கோடு போட்டார். பலகையை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அது இங்கே கிடைக்கவில்லை, மூன்று கடையில் கேட்டுவிட்டார்.

நீங்கள் வருவீர்களா என்பது எனக்குத் தெரியாது. உனக்கு இன்னும் என்மேல் கோபம் இருக்கிறது. இந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் நீ வேறு முடிவும் செய்திருக்கலாம். இனிமேல் நான் எதையும் வேண்டப் போவதில்லை. வந்தால் கோயிலுக்குப் போய் அந்த முடிச்சை அவிழ்ப்பேன், அதற்கு நகத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிட்டங்கியைப் பூட்டும்போது அப்பா, “நீயும் அந்தத் திரேஸ்புரத்துப் பிள்ளையும் ஊசி எறிஞ்சீங்களாமே, எமில்டா சொன்னா. இருக்கா?” என்று கேட்டார். பைக்குள் ஒன்று இருந்தது, தீக்குச்சி ஊசி. எடுத்துக் கொடுத்தேன். ஆணிக்குக் கீழே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அட்டை ஒன்றை ஒட்டினேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தார்க் கோட்டில் நின்றார். கையைத் தூக்கினார். முன்னால் கொண்டுபோனார், பின்னால் இழுத்தார், மறுபடி முன்னால் கொண்டுபோனார். கயிறு வெட்டுகிற கை, அதுவரை நான் அது தயங்கிப் பார்த்ததில்லை.

எறிந்தார். அட்டைக்கு இரண்டு முழம் தள்ளிச் சுவரில் பட்டு விழுந்தது.

குனிந்து எடுத்து, ஊசி வளைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

“லேசு இல்லளா” என்றார்.

உன் தங்கை,
சீனித்தாய்